இசைத்தொகையும் மன்னார்க் கரைப் பாடகரும்

தொகை என்பது தமிழர்க்குப் புதியதோர் எண்ணமன்று. பலர், பல காலத்தில், பல ஊர்களிலிருந்து பாடியவற்றை ஒருவர் தேடிச் சேர்த்து, ஒரு முறைப்படுத்தி, ஒரு பெயரிட்டு உலகிற்கு அளித்தமையாலேயே எட்டுத்தொகை நமக்குக் கிடைத்தது. இக்காலத்திலே ஏட்டிற்குப் பதிலாக ஒலிப்பதிவு வந்துள்ளது. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள், பகலிலே வேறு வேலை பார்ப்பவர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் கண்டறியாதவர்கள்கூட, தத்தம் பாடல்களை ஒன்றுசேர்த்து ஒரே தொகுதியாக வெளியிடும் முயற்சி உலகெங்கும் பரவி வருகின்றது. இத்தகைய தொகுதியை இக்கட்டுரையில் இசைத்தொகை என வழங்குவாம். மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையையும் களமாகக் கொண்டு, ஓர் இசைத்தொகை எவற்றைச் சேர்த்தல் வேண்டும், எவ்வாறு சேர்த்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

இத்தகைய தொகையைச் சிலர் இகழ்ந்து நோக்குவர். பயிற்சியில்லாதவர் பாடுவதைத் தொகுப்பானேன் என்பது அவர்தம் வினா. இவ்வினாவிற்குச் சங்கத் தொகைகளே விடை தருகின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். தொழிற்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்ல இவர்கள் நாணவில்லை. தொகுத்தோரும் அதனை நீக்கவில்லை. பரிசில் பெற்று வாழ்ந்த புலவரும் இவர்களும் ஒரே ஏட்டில் அருகருகே இடம்பெற்றனர். நம் நாட்டவர் எனப் பலராலும் கொள்ளப்படும் ஈழத்துப் பூதந்தேவனாரின் பாடல்கள் ஏழும் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை என்னும் மூன்று தொகைகளிலே பிறர் பாடல்களுக்கிடையே கலந்து கிடக்கின்றன. அவரை அத்தொகைகள் சேர்த்துக்கொள்ளாதிருந்தால் அப்பெயரே நமக்கு எட்டியிராது.

இன்னொன்றையும் நோக்குக. சங்க அகத்தொகைகளைப் பகுத்தவர்கள் முதலில் பார்த்தது பொருளை அன்று, அடியளவை. மூன்றடி முதல் ஆறடி வரை ஐங்குறுநூறு. நான்கு முதல் எட்டு வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. ஒலிப்பதிவின் வரலாற்றிலும் அளவே முந்தி நின்றது. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுப் பொறியை அமைத்தார். அதன்பின் வழக்கிற்கு வந்த இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். நீண்டதோர் இசையைக் கேட்கப் பல தட்டுக்கள் வேண்டும். அவற்றைப் படங்கள் ஒட்டும் ஏடுபோன்ற உறைகளில் வைத்துக் கட்டி விற்றனர். 'ஆல்பம்' என்னும் பெயர் இசைத்தொகுதிக்கு வந்தது இக்காரணம் பற்றியே. 1948இல் நெடுநேரம் ஓடும் தட்டு வந்தபின் கட்டு மறைந்தது, பெயர் நின்றது. இன்று அளவுத் தடை எதுவுமில்லை. ஆயினும் மூன்று நான்கு நிமிடத்துள் ஒரு பாட்டை முடித்துவிடும் வழக்கம் நம் செவியை விட்டு நீங்கவில்லை. இவ்வழக்கம் மன்னார்ப் பாடல்களை எவ்வளவு வெட்டிக் குறைக்கும் என்பதைப் பின்னர்க் காண்பாம்.

மன்னார்ப் பகுதி ஒரே நிறமுடைய நிலமன்று. தீவு மணலும் பனையும் கடலும் கொண்டது. பெருநிலப் பரப்பிலே கட்டுக்கரைக் குளத்தின் நீரைக் கொண்டு முருங்கன், நானாட்டான், அடம்பன் முதலிய ஊர்களில் நெல் விளைகின்றது. தென்கரையிலே அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் முத்துக்குளிப்புத் துறைகள் உள்ளன. பாலாவிக் கரையில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம்; காட்டினுள்ளே மடுமாதா திருத்தலம்; தீவிலே எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்கள். 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைக்கொண்டனர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தபின் அவ்வழி நின்றது. இத்தனை பேர் வந்துபோன துறையிலே ஒரு பாட்டு மட்டும் வந்தவாறே நின்றிருக்கும் என்று எதிர்பார்த்தல் தகாது.

வயலிலே அருவி வெட்டுப் பாட்டும் சூடு மிதிக்கும்போது பொலி கூறிப் பாடும் பாட்டும் வழங்கின. மாடு பூட்டிச் சூடு மிதித்த களத்திலே இரவு முழுவதும் விழித்திருத்தல் வேண்டும். மாடும் நடத்தல் வேண்டும், மனிதனும் உறங்கலாகாது. அதற்கு உதவியது பாட்டு. உழவுபொறி வந்தபோது அப்பாட்டிற்கு வேலை குறைந்தது. வெட்டுதலையும் அடித்தலையும் ஒருங்கே செய்யும் பொறி வந்தபின் வேலையே இல்லாதாயிற்று.

கடற்கரைப் பாட்டு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கரைவலை இழுக்கும்போது பாடப்படுவது அம்பா. ஒருவர் ஒரு சிற்றடியை எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பற்றி நிற்பவர் அனைவரும் 'ஏலேலோ' முதலிய ஒலியால் ஏற்பர். எடுத்துக் கொடுக்கும் அடியின்போது கை ஓய்கின்றது. ஏற்கும் ஒலியின்போது கயிறு வருகின்றது. ஆகவே இங்குத் தாளம் போடுவது மத்தளமன்று. வலையின் பாரமே தாளம் போடுகின்றது. வலை தொலைவில் உள்ளபோது பாட்டு மெல்லச் செல்லும். மடி கரையை அணுகும்போது விரையும். அடிகளிலே வருவனவும் அவ்வப்போது எடுத்துக் கொடுப்பவரின் நாவில் பிறப்பவையே. சம்மாட்டியைப் புகழ்வதும், புகழ்வதுபோல் எள்ளுவதும், வீட்டுக் கவலையும், புனிதர் பெயரும் அடுத்தடுத்து வரும். இதனை ஏட்டில் எழுதினால் பொருளற்ற அசைகளே மிகுதியாய்த் தோன்றும். அசைகளை நீக்கி எழுதினால் பாட்டே போய்விடும், ஏனெனில் வலையை இழுத்தவை அவ்வசைகளே.

இவ்விடத்திலே, முன்னோர் செய்த தொகுப்புப் பணியை நன்றியோடு நினைத்தல் கடன். தமிழகத்தில் மு. அருணாசலம் 1943இல் 'காற்றிலே மிதந்த கவிதை' என்னும் தொகுப்பை வெளியிட்டார். பெர்சி மக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிவைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ஆராய்ந்து பதிப்பிக்க, அவை 'மலையருவி' என்னும் பெயரில் 1958இல் தஞ்சைச் சரசுவதி மகால் வெளியீடாக வந்தன. ஈழத்திலே, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார் ஆகிய இரு பகுதிகளின் நாட்டுப் பாடல்களையும் நூலாக்கினார். மன்னாரிலே ஏட்டிலும் அண்ணாவிமார் நினைவிலும் இருந்த நாடகங்களையும் அவர் அச்சேற்றினார்: 'எண்டிறீக்கு எம்பரதோர்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசவுந்தரி' 1967இலும் வந்தன. அப்பணி நடந்திராவிடின் இன்று நாம் பேசுதற்கே பொருள் இராது.

எனினும் அச்சு காத்தது சொல்லை மட்டுமே. சைவ நன்மக்கள் நன்கறிந்த ஒரு வரலாற்றை இங்கு நினைவூட்டலாம். உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறை கண்ட புராணம், தில்லையிலே செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்ட செய்தியைக் கூறுகின்றது. எஞ்சிய ஏடுகள் கிடைத்தபின்னும் அவர்கள் பணி முடியவில்லை. பண் எது என்று ஏடு சொல்லவில்லை. திருஎருக்கத்தம்புலியூரிலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கண்டு, அவள் வாயிலாகவே பண்ணடைவு வகுத்தனர் என்பது புராணம். சொல்லை ஏட்டிலே தேடினர். இசையை மனிதரிடத்திலே தேடினர். அவளும் அரசவைப் பாடினி அல்லள். தன் குடியில் வழங்கியதைத் தன்னுள் வைத்திருந்தவள். அவள் இல்லாதிருந்தால் திருக்கேதீச்சரப் பதிகங்களையும் நாம் படித்திருப்போம்; பாடியிருப்போமோ என்பது ஐயம்.

மன்னார்ப் பாடல்களைப் பொறுத்தவரை ஏடுகள் கிடைத்துவிட்டன. பண்ணைச் சொல்லுவோரைத் தேடும் நிலையில் நாம் இருக்கின்றோம். பிற நாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். 1890இல் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாடல்களை ஃபியூக்ஸ் என்பார் மெழுகு உருளையில் பதிவு செய்தார். அங்கேரி நாட்டு இசைப்புலவர் பார்ட்டோக் 1906 முதல் ஒலிப்பதிவுப் பொறியைச் சுமந்துகொண்டு ஊரூராய்ச் சென்று உழவரின் பாடல்களைப் பதிவு செய்தார். இசைக்குறியீட்டில் வல்லவராயிருந்தும் அவர் செவியை மட்டும் நம்பவில்லை. உழவர் குரலிலே வரும் நுண்ணிய வளைவுகளும் இழுப்புக்களும் குறியீட்டிற்குள் எளிதில் அடங்குவன அல்ல. ஒரே பாட்டைப் பல முறை கேட்டுத் திருத்தி எழுதப் பதிவே துணை நின்றது. அன்று அவர் சுமந்த பொறியினும் சிறந்த பொறி இன்று நம் மாணவர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசியாக இருக்கின்றது. பொறி இல்லை என்று நாம் சொல்ல இயலாது.

ஆயின், எதனை எவ்வளவு பதிவு செய்வது? மன்னார்க் கூத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு மரபுகள் உள்ளன. கத்தோலிக்கப் புனிதர் வரலாறுகளும் அயல்நாட்டு அரசர் கதைகளும் தமிழ் விருத்தமும் தருவுமாக விடிய விடிய ஆடப்பட்டன. மீன்பிடிப்பவரும் உழவரும் மாதக்கணக்கில் அண்ணாவியாரிடம் பழகி, ஓரிரவு அரசராய் நின்று பாடி, மறுநாள் தம் தொழிலுக்குத் திரும்பினர். இத்தகைய நாடகத்திலிருந்து மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்தால் அது நாடகமும் ஆகாது, பாட்டும் ஆகாது. நல்வாய்ப்பாக, சுருக்கும் வழியை அம்மக்களே கண்டுவைத்துள்ளனர். நெடிய நாடகத்தைச் சுருக்கி ஆடும் வடிவத்தை அவர்கள் வாசகப்பா என்றனர். பேச்சு வழக்கில் வாசாப்பு. எதை விடலாம், எதை விடலாகாது என்பதில் அவர்களுக்கென ஒரு தீர்ப்பு இருந்தது. இசைத்தொகை செய்வோர் கத்தரியை எடுக்குமுன் வாசகப்பாவைப் படித்தல் நன்று. இன்னொன்று: பாடுபவரின் அடியை ஏற்றுப் பாடும் பிற்பாட்டுக்காரரை ஒருபோதும் நீக்கலாகாது. பதிவுக்கூடத்தில் 'முதற்குரல் தெளிவாக இல்லை' என்று அவர்களை ஒதுக்குவது வழக்கம். கூத்திலே அத்தெளிவை யாரும் வேண்டியதில்லை.

பதிவுக்கூடம் பற்றி ஒரு சொல். ஊர்ப் பாடகரைக் குளிரூட்டிய அறைக்கு அழைத்துச் சென்று, காதிலே ஒலிவாங்கியின் துணைக்கருவியைப் பொருத்தி, மின்விசைக் கருவி எழுப்பும் மாறாத தாளத்திற்கு அம்பா பாடச் சொல்லும் தொகுப்புக்களை நான் கேட்டதுண்டு. சுருதி பிசகவில்லை, தாளம் வழுவவில்லை. வலைதான் இல்லை. இன்று கரைவலையைக்கூடப் பல இடங்களிலே உழவுபொறி கொண்டு இழுக்கின்றனர் என்பது மெய்யே. ஆயினும் கயிற்றைப் பற்றி இழுத்துப் பழகிய முதியோர் இன்னும் சிலர் உளர். பத்துப்பேரைக் கரையிலே நிறுத்தி, ஒரு வலையை ஒருமுறை கையால் இழுக்கச் செய்து பதிவு செய்தல் பெருஞ்செலவன்று. காற்றின் இரைச்சல் பதிவிலே விழும், விழட்டும்.

எல்லாப் பாட்டையும் இவ்வாறு கேட்டுப் பெறுதல் இயலாது. ஒப்பாரி அத்தகையது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி சொல்லுதல் தீக்குறி என்று பெண்கள் அஞ்சுவர். அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கித் தூண்டிப் பாடச் செய்தல் முறையன்று; சாவு வீட்டிலே பிறரறியாமல் பதிவு செய்தல் அதனினும் முறையன்று. தவக்காலத்தில் பாடப்படும் பசாம் போன்றவை வழிபாட்டிற்குரியவை. அவற்றையும் உரிய காலத்தில், உரியவர் இசைவோடுதான் பெறுதல் வேண்டும். தாராளமாய்ப் பாடுவதற்கு இசைபவர் தாலாட்டுப் பாடும் பாட்டிமாரே. தொகுப்புக்களில் தாலாட்டு மிகுந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எங்கே பதிவு செய்வது என்னும் வினா இவற்றினும் கடினமானது. மன்னார்ப் பாட்டு இன்று மன்னாரில் மட்டும் இல்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியாரும் தாராபுரத்தாரும் முசலிப் பகுதியாரும் தம் வீடுகளை விட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்குச் சென்றனர். 2009இன் பின் ஒரு பகுதியினர் மீண்டனர். அங்கேயே வேரூன்றியவர் பலர். 1983 முதல் கடல் கடந்து மண்டபம் முகாமை அடைந்தவர்கள் தமிழகத்திலே பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். இன்னும் பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அவர்களுட் பலர் தாய்வழி கேட்ட பாட்டைத் தாமே பதிவு செய்து அனுப்பவல்லர். எனவே, மன்னார் இசைத்தொகை என்ற பெயரில் தீவில் இன்று இருப்போரின் குரலை மட்டும் சேர்த்தால், பெயர் பொய்யாகும். களிகம்புப் பாட்டும் றபான் இசையும் இல்லாத மன்னார்த் தொகை அரைத்தொகையே. புத்தளத்திலே பிறந்து, மன்னாரைக் கண்டறியாத ஓர் இளைஞன், தன் பாட்டனாரின் அம்பாவைப் பாடினால் அதைச் சேர்ப்பதா எனச் சிலர் கேட்கலாம். சேர்த்தல் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் யார், எங்கே, யாரிடம் கேட்டுப் பாடினார் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.

இந்த எழுதுதல் சிறு வேலையெனத் தோன்றும். சங்கத் தொகைகளிலே பாட்டின் கீழ் நிற்கும் திணை, துறை, கூற்று, பாடியோர் பெயர் என்னும் சிறு குறிப்புக்கள் இல்லாவிடின் உரையாசிரியர் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பர்! பெயர் மறைந்த புலவர்க்கு அவர்தம் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் என்று வழங்கினரே, அவர்தம் பேரன்பை என்னென்பது! பெயரின்றி விடுதற்கு அவர்கள் மனம் ஒப்பவில்லை. நம் காலத்து இசைத்தொகுப்புக்கள் பலவற்றிலே பாடியவர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் 'நாட்டார் பாடல்' என்னும் சொல் நிற்கின்றது. தொகுத்தவர் பெயரோ அட்டையிலே பெரிதாய் விளங்குகின்றது. நற்றிணை, தொகுப்பித்தோன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று புரந்தவனைச் சொல்லித் தொகுத்தவன் பெயரை மறந்தது. பாடியோரை மறப்பதினும் அது சிறந்த மறதி. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் காப்பளிக்கின்றது. ஆகவே பாடியவர் பெயரையும் இசைவையும் எழுத்திலே பெறுதல் பண்பு மட்டுமன்று. பின்னர் எழும் வழக்கையும் தவிர்க்கும். தொகுதி பொருள் ஈட்டுமாயின் அதில் அவர்க்குரிய பங்கையும் முன்னரே பேசி வைத்தல் நலம்.

ஊர்தோறும் வேறுபடும் பாடங்களை என் செய்வது என்பதும் எண்ணற்பாலது. ஒரே தாலாட்டு முருங்கனில் ஒரு மெட்டிலும் பேசாலையில் வேறு மெட்டிலும் வருமாயின், சிறந்ததைத் தெரிந்து மற்றதைக் கழிப்பது நூற்பதிப்பாசிரியர் வழக்கம். இசையில் மூலபாடம் என ஒன்றில்லை. இரண்டையும் அருகருகே வைத்தலே தக்கது. கேட்போருக்குச் சலிப்புண்டாகும் என்பர். அவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் வயலும் கடலும் ஒரே சொல்லை எவ்வாறு வேறாக்கின என்பது செவிக்குப் புலனாகும்.

இறுதியாகப் படிகளைப் பற்றி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. ஒலிப்பதிவிற்குத் தீ வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்று பழுதானாலும், கணினி வட்டு ஒன்று தேய்ந்தாலும், கணக்கிற்குக் கட்டணம் செலுத்தத் தவறினாலும் அது போய்விடும். ஆகவே தொகையின் முழுப்படி ஒன்று மன்னாரிலும், ஒன்று புத்தளத்திலும், ஒன்று யாழ்ப்பாணத்திலும், கடல் கடந்து ஒன்றும் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றோடும் பாடியோர் பெயர், ஊர், கேட்டறிந்தவர் பெயர், பாடிய நாள் ஆகியவை அச்சிட்ட தாளாக இருத்தல் வேண்டும். நம் கல்லூரி நூலகத்திலும் ஒரு படிக்கு இடமுண்டு. மன்னாரிலிருந்து வந்து நம்மிடையே பயிலும் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது, முதலில் தம் வீட்டு முதியோரிடமே இப்பணியைத் தொடங்கலாம்.